சித்திரைப் பிறப்புக்கு ஒரு குவாண்டம் பந்தல்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: "2025-ஐ ஐ.நா. குவாண்டம் ஆண்டாக அறிவித்தது. ஏப்ரல் 14 உலகக் குவாண்டம் நாளாம். வெளிநாடுகளில் விழாவாகவே கொண்டாடுகிறார்கள். எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் 400 வெள்ளி தருவதாகச் சொல்கிறது. நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளைகளை வைத்து நாமும் ஏதாவது செய்ய முடியுமா? இல்லை, இது பல்கலைக்கழகத்துக்காரர்கள் விஷயமா?"

தாராளமாகச் செய்யலாம் டீச்சர். 400 வெள்ளி போதும், மிச்சம்கூட இருக்கும். என் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வேண்டுகோள்: மேடை போடாதீர்கள்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் 27 ஆண்டுகள் டெக்னீசியனாக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு வார இறுதிகளில் சோதனைச் சாமான்களை இரண்டு பெட்டிகளில் போட்டுக்கொண்டு பள்ளிகளுக்கும் கோயில் மண்டபங்களுக்கும் போகிறேன். மேடை வைத்த இடங்களில் எல்லாம் நடந்தது ஒன்றுதான். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். சோதனை செய்து காட்டும் நேரம் வரும்போது முன்வரிசைப் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், பின்வரிசைப் பிள்ளைகள் பண்டம் வாங்கப் போயிருப்பார்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற வழியை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர்ப் பந்தல். யாரும் உங்களை உட்காரச் சொல்வதில்லை, பேச்சைக் கேட்கச் சொல்வதில்லை. ஒரு பந்தலில் மோர், அடுத்ததில் பானகம், அதற்கடுத்ததில் சோறு. வேண்டியதை வாங்கிக்கொண்டு, நின்று, பேசி, நகர்ந்து போகிறோம். பிள்ளைகளுக்கான அறிவியல் விழாவுக்கு இதைவிட நல்ல அமைப்பை நான் பார்த்ததில்லை. ஐந்து மேசை, நான்கில் ஒவ்வொரு சோதனை, ஐந்தாவதில் படங்கள், ஒவ்வொரு மேசையிலும் விளக்க இரண்டு பெரிய பிள்ளைகள். அவ்வளவுதான்.

முதலில் இந்த நாள் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் முதல் மேசையே அதில்தான் இருக்கிறது. அணு அளவில் நடப்பதை ஆராயும் குவாண்டம் அறிவியலின் அடிப்படை எண்ணுக்குப் பிளாங்க் மாறிலி என்று பெயர். மாக்ஸ் பிளாங்க் 1900 டிசம்பரில் பெர்லினில் முன்வைத்தது. ஆற்றல் குழாயில் ஒழுகும் தண்ணீர் மாதிரி தொடர்ச்சியாக வருவதில்லை, துளித் துளியாக வருகிறது. ஒரு துளியின் அளவு என்ன என்று அந்த எண் சொல்கிறது. எலெக்ட்ரான் வோல்ட், வினாடி என்ற அலகுகளில் எழுதினால், புள்ளிக்குப் பிறகு 14 சுழியம் போட்டு 414. நாம் தேதியை 14/4 என்று எழுதுவோம். மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்க வழக்கத்தில் அது 4/14. அதனால்தான் ஏப்ரல் 14. 2021-இல் இதை அறிவித்து, 2022-இலிருந்து பல நாட்டு விஞ்ஞானிகள் கொண்டாடி வருகிறார்கள்.

குவாண்டம் ஆண்டின் கதை வேறு. 1925 ஜூனில், 23 வயது ஜெர்மானிய இயற்பியலாளர் வெர்னர் ஹைசன்பர்க் மகரந்த ஒவ்வாமை தாங்க முடியாமல் வட கடலில் உள்ள ஹெலிகோலாந்து தீவுக்குப் போனார். மரம் செடி அதிகம் இல்லாத பாறைத் தீவு அது. அங்கே உட்கார்ந்து போட்ட கணக்கிலிருந்துதான் இன்றைய குவாண்டம் இயங்கியல் பிறந்தது. அதன் நூற்றாண்டுக்காக 2025-ஐ ஒதுக்கும்படி யுனெஸ்கோவில் முதலில் பேசியது மெக்சிகோ. ஐ.நா. பொதுச் சபைக்குத் தீர்மானத்தைக் கொண்டுபோனது கானா. 2024 ஜூன் 7-இல் அறிவிப்பு வந்தது. 2025 பிப்ரவரியில் பாரிசில் தொடக்க விழா, ஜூனில் அதே ஹெலிகோலாந்து தீவில் சுமார் 300 இயற்பியலாளர்கள் கூடினார்கள். கானாவும் மெக்சிகோவும் முன்னால் நின்று கேட்டன என்பதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விடுவதில்லை. இது பணக்கார நாடுகளின் சொத்து என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் ஏறவே கூடாது.

ஆண்டு போய்விட்டது, நாள் ஆண்டுதோறும் வரும். அதுவும் நமக்கு எப்படிப்பட்ட நாளில் வருகிறது! பெரும்பாலான ஆண்டுகளில் சித்திரை முதல் நாளும் ஏப்ரல் 14-தான். தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாளா, சித்திரை முதல் நாளா என்ற வாதம் நம் நாட்டில் ஓய்ந்தபாடில்லை, அதற்குள் நான் போகவில்லை. எப்படிப் பார்த்தாலும் அன்று காலையில் நம் குடும்பங்கள் கோயிலில் இருக்கும். 2026-இல் அது செவ்வாய்க்கிழமை வேறு. அதனால் அதை ஒட்டி வரும் சனிக்கிழமை காலை 9 முதல் 12 வரை வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குமேல் இழுத்தால் வெயிலும் தாங்காது, பிள்ளைகளும் தாங்க மாட்டார்கள்.

குவாண்டத்துக்குத் துளிமம், குவையம் என்ற தமிழ்ச் சொற்களும் வழக்கில் உண்டு. எனக்குத் துளிமம் பிடிக்கும். சொல்லிலேயே பொருள் இருக்கிறது. பெயர்ப் பலகையில் "குவாண்டம்" என்று பெரிதாக எழுதி, கீழே "ஆற்றல் துளித் துளியாய் வரும்" என்று போட்டால் பாட்டிமாருக்கும் புரியும்.

சரி, மேசைகளுக்கு வருவோம். முதல் மேசைதான் எல்லாவற்றிலும் முக்கியம். அதற்கு நேரம் எடுத்துத் தயார் செய்யுங்கள்.

எல்இடி விளக்குகள் நான்கு வேண்டும்: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். மின்னணுச் சாமான் கடையில் காசுக் கணக்கில் கிடைக்கும். வாங்கும்போது மூடி நிறமற்ற கண்ணாடி மாதிரி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். நிறப் பிளாஸ்டிக் மூடி இருந்தால், நிறம் பிளாஸ்டிக்கிலிருந்து வருகிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். வெள்ளை எல்இடி வேண்டாம். அது உள்ளே நீல விளக்குதான், மேலே ஒளிரும் பூச்சு தடவியிருக்கும். ஒவ்வொரு விளக்கின் அலைநீளமும் எத்தனை நானோமீட்டர் என்று கடையில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சிவப்பு 630, நீலம் 470 என்ற அளவில் இருக்கும். அப்புறம் ஒரு 9 வோல்ட் பேட்டரி, 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இருக்குமே, அந்தத் திருகு மாதிரி 1 கிலோ ஓமில் ஒன்று, எல்இடியின் இரு கால்களுக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று அளக்க ஒரு மல்டிமீட்டர். திருகைப் பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையில் இணைத்து, அதன் நடுக்காலிலிருந்து ரெசிஸ்டர் வழியாக எல்இடிக்குப் போங்கள்.

கறுப்புக் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி எல்இடி மேல் வைக்க வேண்டும். பிள்ளை ஒரு கண்ணைக் குழாயில் வைத்து, திருகை மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். "வந்துருச்சு!" என்று சொல்லும் அந்த நொடியில் மீட்டரில் எத்தனை வோல்ட் என்று இன்னொரு பிள்ளை எழுத வேண்டும். சிவப்பு முதலில் எரியும். நீலத்துக்கு நன்றாகத் திருப்ப வேண்டியிருக்கும். இதையே அவர்கள் கையால் உணரட்டும், விளக்கம் பிறகு. கண் குழாயில் இருக்கும்போது எரிய ஆரம்பித்ததுமே நிறுத்திவிட வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள், பிரகாசமாக எரியவிட்டுப் பார்க்கக் கூடாது.

இப்போது கணக்கு. எழுதிய வோல்ட்டை விளக்கின் நானோமீட்டரால் பெருக்கி 300-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 300 ஒளியின் வேகத்திலிருந்து வருகிறது, வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். விடை எந்த நிறத்துக்கும் நாலை ஒட்டி வரும். அந்த நாளின் தேதியைப் பிள்ளைகள் தாங்களே அளந்து எடுக்கிறார்கள். பாடநூலில் அச்சடித்த எண்ணை ஒப்பிப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

சரியாக 4.14 வராது, அதற்குத் தயாராக இருங்கள். எனக்கு 3.5 முதல் 4.2 வரை வந்திருக்கிறது. பட்டர்வொர்த்தில் ஒரு பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் சிவப்புக்கு 3.5 எடுத்துவிட்டு, முகம் வாடி, "நான் தப்பா செஞ்சிட்டேனா சார்?" என்றான். இல்லை என்று சொல்லி, அறையின் வெப்பத்திலேயே எலெக்ட்ரான்களுக்குக் கொஞ்சம் ஆற்றல் இருக்கிறது, அதனால் வோல்ட் சற்றுக் குறைவாக இருக்கும்போதே எல்இடிக்குள் இருக்கும் ஆற்றல் படியைச் சில எலெக்ட்ரான்கள் ஏறிவிடும், இருட்டில் உன் கண் அந்த மங்கல் வெளிச்சத்தையும் பிடித்துவிடும் என்றேன். உடனே அவன், "அப்போ ஐஸ்ல வெச்சா கூடுமா?" என்று கேட்டான். கூடும். எலெக்ட்ரான்களுக்குக் கிடைக்கும் வெப்ப உதவி குறைந்து, கூடுதல் வோல்ட் கேட்கும். பத்து வயதில் ஒரு பிள்ளைக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றுகிறதென்றால் அன்றைய விழா அங்கேயே நிறைவேறிவிட்டது.

விளக்கம் இரண்டு வரி போதும். எல்இடிக்குள் எலெக்ட்ரான் ஒரு படியிலிருந்து கீழே இறங்கும்போது, அந்தப் படியின் உயரத்துக்குச் சமமான ஒரே ஒரு ஒளித்துளி வெளியே வருகிறது. படி உயரமென்றால் நீலம், தாழ்வென்றால் சிவப்பு. சிவப்பு எல்இடி 1962-இல் வந்துவிட்டது. நல்ல பிரகாசமான நீலம் 1990-களில்தான் வந்தது. அவ்வளவு உயரமான படி உள்ள பொருளைப் பழுதில்லாமல் வளர்க்க 30 ஆண்டு பிடித்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாம் மேசை சின்னப் பிள்ளைகளுக்கு. இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர் தாள் வாங்கி, ஒரு அட்டைப் பெட்டிக்குள் ஒட்டுங்கள். சிவப்பு டார்ச் எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் அடித்தாலும் தாள் ஒளிராது. ரூபாய்த் தாள் கள்ளமா நல்லதா என்று பார்க்கும் சின்ன ஊதா விளக்கால் ஒரு கோடு இழுத்தால் கோடு பச்சையாக நிற்கும். பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதி எழுதிப் பார்ப்பார்கள். சிவப்புத் துளிகள் ஆயிரம் வந்தாலும் ஒவ்வொன்றும் சிறியது, படியேற்ற முடியாது. ஊதாத் துளி ஒன்றே போதும். ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்னதும் இந்த வகைக் கருத்துதான். அவருக்கு நோபல் கிடைத்தது சார்பியலுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். கிடைத்தது ஒளித்துளியால் உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் வெளியேறுவதை விளக்கியதற்கு.

மூன்றாவதுக்கு, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலராய்டு தாள் மூன்று துண்டு. கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் உடைந்த திரையிலிருந்து உரித்துத் தருவார்கள். முப்பரிமாணப் படம் பார்க்கும் சினிமாக் கண்ணாடி பெரும்பாலும் வேறு வகை, அதை வைத்துக் குழம்பாதீர்கள். இரண்டு தாளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் இருட்டு. நடுவில் மூன்றாவதைச் சாய்வாகச் செருகினால் வெளிச்சம் வருகிறது. தடுப்பைக் கூட்டினால் வழி திறக்கிறது! பெரியவர்கள்தான் இந்த மேசையை விட்டு நகர மாட்டார்கள். அலைக் கணக்கிலும் இதை விளக்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு ஒளித்துளியை அனுப்பும்போதுதான் இது முழுக் குவாண்டம் ஆகிறது.

நான்காவது மேசை என் மனத்துக்கு நெருக்கமானது. ஒரு தலைமுடியை அட்டைச் சட்டத்தில் நேராக ஒட்டி, மேசையில் அசையாமல் கட்டிய சிவப்பு லேசரின் பாதையில் நிறுத்துங்கள். லேசர் 1 மில்லிவாட்டுக்கு மேல் போகக் கூடாது, பிள்ளைகள் கையில் கொடுக்கவும் கூடாது. 3 மீட்டர் தள்ளிச் சுவரில் வெள்ளைக் காகிதம். அதில் சிவப்புக் கோடுகள் விட்டு விட்டு வரிசையாக விழும். லேசர் 650 நானோமீட்டர் என்றால், 650-ஐ 3-ஆல் பெருக்கி, இரண்டு இருட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து வகுத்தால் முடியின் தடிமன் மைக்ரானில் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வந்துவிடும். நடுவில் உள்ள அகலமான கோட்டை விட்டுவிட்டு அதற்கு அடுத்தவற்றை அளக்க வேண்டும். 28 மில்லிமீட்டர் என்றால் முடி ஏறக்குறைய 70 மைக்ரான்.

அந்த எண்ணை எழுதும்போதெல்லாம் என் பெரியக்கா நினைவுக்கு வருவார். இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972-இல் பினாங்கில் தொடங்கியது. அந்தக் காலத்தில் பாயான் லெப்பாஸில் வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. எழுபதுகளின் கடைசியில் அக்கா அவற்றில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். இருட்டோடு தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும். வேலை என்னவென்றால், நுண்நோக்கியில் கண்ணை வைத்தபடி சிப்பிலிருந்து காலுக்குத் தங்கக் கம்பி இழுத்து ஒட்டுவது. கம்பி 25 மைக்ரான், தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு ஷிப்டில் எத்தனை ஆயிரம் ஒட்டினாரோ! வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுப்பார். சிப்புக்குள் நடப்பது முழுக்கக் குவாண்டம் இயற்பியல் என்று அவரிடம் அப்போது யாரும் சொல்லவில்லை. உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பாட்டிமாரில் இப்படி வேலை பார்த்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, இந்த மேசையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். குத்துவிளக்கு ஏற்ற ஆள் தேடுகிறீர்கள் என்றால் அவர்களையே ஏற்றச் சொல்லுங்கள்.

ஐந்தாம் மேசையில் சோதனை இல்லை, படங்கள். ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனத்தில் தோனோமுரா என்ற இயற்பியலாளர் 1989-இல் எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பி எடுத்த படங்களை வரிசையாக வையுங்கள். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள், கடைசியில் முடிச் சோதனையில் பார்த்தது போலவே கோடுகள். பக்கத்தில் நம் ஆட்களின் பலகை. டாக்காவில் இருந்து 1924-இல் ஐன்ஸ்டைனுக்கு ஒளித்துளிகளைப் பற்றிய கட்டுரை அனுப்பிய சத்யேந்திரநாத் போஸ். ஒளி சிதறும்போது அதில் கொஞ்சம் நிறம் மாறும் ராமன் விளைவை 1928 பிப்ரவரி 28-இல் கண்ட திருச்சிக்காரர் சி.வி. ராமன், அவரோடு உழைத்த வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணன். கிருஷ்ணன் பெயரை விட்டுவிடாதீர்கள், எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் விண்மீன்களை ஆராய்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல் 19 வயதில் இங்கிலாந்துக்குப் படிக்கக் கப்பலேறினார். பயணத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே போனார். ஒரு வகை விண்மீன் சூரியனைப் போல 1.4 மடங்குக்கு மேல் கனத்தால் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது என்பதற்கு வழி காட்டியது அந்தக் கணக்குதான், அதன் அடியில் இருந்தது குவாண்டம். 1983-இல் நோபல் பரிசு. அதே ஆண்டுகளில்தான் ரஜூலா கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம் பாட்டன்மாரை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. இரண்டு கப்பல்களையும் ஒரே பலகையில் வரைந்து வைத்திருக்கிறேன். பெரியவர்கள் அதன் முன்னால் நின்று தங்கள் குடும்பக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் சித்தர்கள் அன்றே சொன்னதுதான் என்று யாராவது மைக்கைக் கேட்பார்கள். பணிவாக மறுத்துவிடுங்கள். சித்தர் பாடல்களுக்கு அவற்றின் பெருமை போதும், ராமனுக்கும் கிருஷ்ணனுக்கும் அவர்கள் உழைப்பின் பெருமை வேண்டும்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். குவாண்டம் என்ற சொல்லைக் கண்டதும் விற்பனைக்காரர்கள் வருவார்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்த உடல்நல நிகழ்ச்சியில், மூட்டுவலி போகும் என்று சொல்லி என் சித்தியிடம் ஒரு "குவாண்டம்" பதக்கத்தை 380 வெள்ளிக்கு விற்றுவிட்டார்கள். அவர் அதை இரவும் பகலும் கழுத்தில் போட்டிருந்தார். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரிப் பதக்கங்கள் உட்படப் பத்துப் பொருள்களைச் சோதித்து, அவற்றிலிருந்து கதிர்வீச்சு வருகிறது, அணியாதீர்கள் என்று எச்சரித்தது. அதைப் படித்த அன்றே சித்தி வீட்டுக்குப் போய்க் கழற்ற வைத்தேன். இந்தப் பதக்கங்களுக்கும் குவாண்டம் அறிவியலுக்கும் எந்த உறவும் இல்லை. அதனால் நன்கொடை என்ற பெயரில்கூட அப்படி ஒருவரையும் பந்தலுக்குள் விடாதீர்கள். முடிந்தால் வாசலிலேயே ஒரு அட்டை எழுதி வையுங்கள்.

வெளி உதவி தேவைப்பட்டால் கெலுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யூஎஸ்எம்) இயற்பியல் துறையில் கேட்டுப் பாருங்கள். மீக்கடத்தி (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள்) காந்தத்தின் மேல் மிதப்பதை அவர்களே வந்து காட்டினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். அதற்குத் திரவ நைட்ரஜன் வேண்டும், சுழியத்துக்குக் கீழ் 196 டிகிரி, பழகாத கை தொடவே கூடாது. கொம்தாரில் உள்ள தெக் டோம் அறிவியல் காட்சியகத்துக்கும் ஒரு கடிதம் போடலாம். கோலாலம்பூரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழகம், கேஎல்சிசியில் பெட்ரோசைன்ஸ், புக்கிட் கியாராவில் தேசிய அறிவியல் மையம் என்று வாய்ப்புகள் அதிகம். பிரிக்பீல்ட்ஸில் சித்திரைக்குப் பூ வாங்க வருகிற கூட்டத்தின் நடுவே உரிய அனுமதி வாங்கி ஒரு எல்இடி மேசை போட்டால் எப்படி இருக்கும் என்று நான் பல நாளாக யோசிக்கிறேன். யாராவது செய்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பினாங்கிலிருந்து வருவேன்.

டீச்சர், மேசைகளில் நிற்க ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளில் பத்துப் பேரை இப்போதே தேர்ந்தெடுங்கள். நன்றாகப் படிப்பவர்களை மட்டும் எடுக்காதீர்கள், கேள்வி கேட்டுத் தொல்லை கொடுப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சனிக்கிழமை ஒத்திகை வேண்டும். மல்டிமீட்டர் நான்கு என்னிடம் இருக்கிறது, வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு மோர் கரைத்து வாசலில் ஒரு அண்டா வையுங்கள்.